பாதிரி உண்டு, சபை இல்லை

சென்ற மாதம் நண்பர்கள் நாலைந்து பேர் நல்லம்பள்ளியில் என் வீட்டு மொட்டை மாடியில் கூடியிருந்தபோது பேச்சு சினிமாவுக்குத் திரும்பியது. (எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது. சிறுபத்திரிகைக்காரர்களின் ரகசிய நோய் இது.) 1992இல் அமெரிக்காவில் வந்த 'சிஸ்டர் ஆக்ட்' படத்தைப் பற்றி நான் சொன்னேன். ரீனோ நகரத்துச் சூதாட்ட விடுதியில் பாடுகிற ஒருத்தி தன் காதலனான தாதாவின் உத்தரவில் நடக்கும் கொலையைப் பார்த்துவிடுகிறாள். போலீஸ் அவளை ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஒரு கன்னிமடத்தில் ஒளித்துவைக்கிறது. அவளை ரௌடிகள் பிடித்துப்போனதும் மடத்துப் பெண்கள் உடுப்போடு, ஜெபமாலையோடு, அந்தச் சூதாட்ட விடுதிக்குள் இறங்கித் தேடுகிறார்கள். போவதற்கு ஹெலிகாப்டர் வேண்டும். ஓட்டுகிறவன் பணமில்லாமல் எடுக்கமாட்டேன் என்கிறான். அவன் ஆன்மாவுக்காக அவன் காதுபடவே அவர்கள் ஜெபிக்க ஆரம்பிக்கிறார்கள். எடுத்துவிடுகிறான். பெரிய படம் என்று சொல்ல வரவில்லை. அந்த ஹெலிகாப்டர் ஜெபம் மாதிரி ஒரு நிமிஷம் நம் சினிமாவில் ஏன் இல்லை என்று மட்டும் கேட்டேன்.

கவிஞரான நண்பர் முகத்தைச் சுளித்தார். "இதெல்லாம் நமக்கு எதுக்கு? பிரஸ்ஸானைப் பேசு" என்றார். இன்னொரு நண்பர், நடைமுறை தெரிந்தவர், "எடுத்தால் மனம் புண்பட்டுவிட்டது என்று கேஸ் போடுவான். பாதிரியாரை மரியாதையாக ரெண்டு ஸீனில் காட்டிவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம்" என்றார். இரண்டும் வெவ்வேறு பதில்கள் என்றுதான் அன்று இரவு நினைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் இரண்டும் ஒன்று என்று பட்டது. கோவிலுக்குப் போகிற சாதாரண ஜனங்கள் கூட்டாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்யக்கூடியவர்கள், அதில் அவர்கள் கொஞ்சம் அசடும் வழியக்கூடியவர்கள் என்பதை ஏற்றுக்கொள்ள இருவருக்குமே மனமில்லை. ஒருவருக்கு அது கலைக்குக் கீழே. மற்றவருக்கு வியாபாரத்துக்கு ஆபத்து.

தமிழ் சினிமாவில் கிறிஸ்தவனுக்கு இரண்டு உத்தியோகங்கள்தான் நெடுங்காலமாக ஒதுக்கப்பட்டிருந்தன. ஒன்று பாதிரியார். மற்றது கள்ளக்கடத்தல். ராபர்ட், பீட்டர், மைக்கேல் என்று பெயர் வைத்துவிட்டால் அவன் கையில் பெட்டி இருக்கும், பெட்டிக்குள் தங்கம் இருக்கும், பக்கத்தில் ரீட்டா ஆடுவாள். இந்தப் பழக்கம் எளிதில் போகவில்லை. 1995இல் 'பாட்ஷா'வில் ரகுவரன் செய்த வில்லனுக்கும் மார்க் ஆண்டனி என்றுதான் பெயர். ஆக, ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பிரசங்கம் செய்கிறவனும் சரி, சனிக்கிழமை இரவு சாராயம் கடத்துகிறவனும் சரி, இருவரும் கிறிஸ்தவர்கள். இந்த இருவருக்கும் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே? காணிக்கைப் பையில் எவ்வளவு போடலாம் என்று விரலால் நோட்டைத் தடவிப் பார்க்கிறவர், பாடகர் குழுவில் முன்வரிசை கிடைக்கவில்லை என்று ஆறு மாதம் பேசாமல் இருக்கிற அத்தை, பிரசங்கத்தில் தூங்கி ஆமெனுக்கு மட்டும் விழிக்கிற ஓய்வுபெற்ற ரெயில்வேக்காரர்? இவர்கள் இல்லாமல் கோவில் ஏது?

சினிமாவுக்கு இவர்கள் பேசும் பாஷைகூடத் தெரியாது. கத்தோலிக்கருக்குக் கோவில், பூசை, பங்குச் சாமியார், உபதேசியார். புராட்டஸ்டண்டுக்கு ஆலயம், ஆராதனை, போதகர், தென் ஜில்லாக்களில் ஐயர். ஒருவர் வீட்டுச் சொல்லை மற்றவர் வீட்டில் பேசினால் அந்நியன் என்று தெரிந்துவிடும். நம் வசனகர்த்தாவுக்கு எல்லாம் ஒரே 'சர்ச்'. எல்லாம் ஒரே 'ஃபாதர்'. எல்லோருக்கும் ஒரே வெள்ளை அங்கி. இதற்குப் பெயர் மரியாதையாம்.

சிவாஜி கணேசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் 'ஞான ஒளி'யில் அவர் அந்தோணி. அந்தப் படத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மேஜர் சுந்தரராஜனின் இன்ஸ்பெக்டர் லாரன்ஸோடு அவர் மோதுகிற இடங்களில் நாடகமேடையின் உரத்த குரலையும் மீறி ஏதோ நடக்கிறது. ஆனால் அங்கே கிறிஸ்தவம் என்பது ஒரு தனி மனிதனின் தவிப்புக்குப் பின்னால் தொங்கும் திரை. பதினொரு வருஷம் கழித்து, 1983இல், 'வெள்ளை ரோஜா' வந்தது. 'போஸ்ட்மார்ட்டம்' என்ற மலையாளப் படத்தின் தமிழ் வடிவம். அதில் பாதிரியாரும் சிவாஜி, போலீஸ் அதிகாரியும் சிவாஜி. ஜெபிக்கிறவரும் அவர், கைது செய்கிறவரும் அவர். மிச்சமுள்ள ஊர் ஜனத்துக்கு என்ன வேலை? கைகட்டி நிற்பதுதான். இரட்டை வேடம் என்ற தமிழ் சினிமாவின் மகத்தான கண்டுபிடிப்பு ஒரு சபையையே தேவையில்லாமல் ஆக்கிவிட்டது.

'கட'லைச் சொல்லுவார்கள். 2013இல் மணிரத்னம் எடுத்த படம். கடற்கரை உண்டு, இடிந்த கோவில் உண்டு, நல்ல ஒளிப்பதிவு உண்டு. ஆனால் கடவுளுக்கும் சாத்தானுக்கும் நடக்கும் சண்டை குருமடத்தில் ஒன்றாகப் படித்த இரண்டு பேருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஊர் ஜனம் கூட்டமாகச் சேர்ந்து செய்கிற பெரிய காரியம், பழி சுமத்தப்பட்ட சாமியாரை அடிப்பது. ஜனம் என்றால் ஒன்று பார்வையாளர், இல்லையென்றால் வெறி பிடித்த கும்பல். மூன்றாவது சாத்தியம் இந்த 'சீரியஸ்' சினிமாவுக்கும் தெரியவில்லை.

சிரிப்புப் படத்துக்கு வருவோம். நம்மிடம் ஒரு கிறிஸ்தவப் பெண்ணை நடுவில் வைத்த நல்ல குடும்பச் சிரிப்புப் படம் ஒன்று உண்டு. 1955இன் 'மிஸ்ஸியம்மா'. எல். வி. பிரசாத் இயக்கம். கணவன் மனைவியாக வருகிற ஆசிரியர்களுக்குத்தான் வேலை என்பதால் ஜெமினி கணேசனும் மேரியாக வரும் சாவித்திரியும் தம்பதி வேஷம் போடுகிறார்கள். மேரியின் சிடுசிடுப்பு, ஹிந்து வீட்டுப் பழக்கங்கள் ஒவ்வொன்றும் அவள் மேல் வந்து விழும்போது அவள் படும் பாடு, இவையெல்லாம் இன்று பார்த்தாலும் புதிதாக இருக்கின்றன. சாவித்திரி போன்ற நடிகை நமக்கு அப்புறம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் முடிவு என்ன? மேரி உண்மையில் மேரியே இல்லை. சின்ன வயதில் காணாமற்போன அந்த ஹிந்து வீட்டுப் பெண் மகாலக்ஷ்மி. எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் விடுகிறார்கள். அவளை எடுத்து வளர்த்த கிறிஸ்தவத் தாய் தகப்பனைப் பற்றிக் கொட்டகையில் யாராவது ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்களா? தமிழ் சினிமா தன் மிகச் சிறந்த சிரிப்பைக் கொடுத்த கிறிஸ்தவப் பெண்ணைக் கடைசி ரீலில் வாபஸ் வாங்கிக்கொண்டது. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' பூணூலையும் சிலுவையையும் சேர்த்து எறிந்தபோது புரட்சி என்றார்கள். எறியாமல் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியாதவர்களின் புரட்சி அது.

சிரிப்பு எங்கிருந்து வரவேண்டும்? நம்பிக்கைக்குள்ளிருந்தே வரவேண்டும். 1949இல் அலெக்ஸாண்டர் மக்கெண்ட்ரிக் எடுத்த 'விஸ்கி கலோர்' என்ற பிரிட்டிஷ் படத்தில், யுத்த காலத்தில் குடிக்கச் சொட்டு விஸ்கி இல்லாமல் ஸ்காட்லாந்துத் தீவு ஒன்று வாடிக் கிடக்கிறது. ஐம்பதாயிரம் பெட்டி விஸ்கியோடு ஒரு கப்பல் பக்கத்துப் பாறையில் மோதி நிற்கிறது. படகுகள் தயார். அப்போது மணி பன்னிரண்டு அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிட்டது. ஓய்வுநாள். யாரும் ஒரு துடுப்பைத் தொடமாட்டார்கள். திருட்டுக்குத் தயாராக இருக்கிற தீவே, ஓய்வுநாளை மீறத் தயாராக இல்லாமல், ஒரு பகல் முழுதும் கரையில் நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பக்தியைக் கிண்டல் செய்யவும் இல்லை, மாலை போடவும் இல்லை. பக்தியை அறிந்தவன் எடுத்த படம். அவ்வளவு தூரம் போகவேண்டாம். வாளையாறு தாண்டினால் போதும். 2013இல் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'ஆமென்' ஒரு கோவில் பாண்டு வாத்தியக் கோஷ்டியின் மானத்தை வைத்தே முழுப் படத்தையும் நடத்திவிட்டது. அங்கே கோவில் ஒரு ஊர். இங்கே கோவில் ஒரு செட்.

கவிஞர் நண்பருக்கு ஒரு வார்த்தை. 1951இல் வந்த பிரஸ்ஸானின் 'ஒரு கிராமப் பாதிரியின் நாட்குறிப்பு' எனக்கும் பிடிக்கும். அந்த இளம் பாதிரியை வதைப்பது யார்? ஞானோபதேச வகுப்பில் அவரைக் கேலி செய்யும் சிறுமிகளும், முதுகுக்குப் பின்னால் பேசும் ஊரும். சபை இல்லாவிட்டால் அந்தத் தனிமைக்கு அர்த்தமே கிடையாது. பிரஸ்ஸானைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு சபையைக் கீழே போடுவது, கிணற்றைத் தூர்த்துவிட்டு ஆழத்தை ரசிப்பது.

நம் எழுத்தில் இந்த ஊமைத்தனம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இலேயே வந்துவிட்டது. பாமாவின் 'கருக்கு' 1992. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' 2004. கோவிலுக்குப் போகிறவர்கள் சண்டை போடுவதும், பசித்திருப்பதும், சாமியாரைத் திட்டுவதும், மறுபடி அவரிடமே போய் நிற்பதும் இவற்றில் எல்லாம் இருக்கிறது. படமெடுக்கிறவர்கள் இவற்றைப் படிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். படித்துவிட்டு இவற்றிலிருந்து கடற்கரையையும் கலரையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஜனம் கூட்டாக எழும் காட்சி நம் மண்ணில் நடக்காததும் அல்ல. 2011இல் இடிந்தகரையில் லூர்து மாதா கோவில் முன் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள், அணு உலைக்கு எதிராக, பூசை மணியும் போராட்ட மணியும் ஒன்றாகவே வாழ்ந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. அங்கே குற்றவாளி என்ற பட்டம் கோவிலுக்குப் போகிறவர்களுக்கே கிடைத்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் பனிமய மாதா கோவில் பக்கமிருந்து கிளம்பிய ஊர்வலத்துக்கு என்ன கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சிரிப்புப் படமாக எடுக்கச் சொல்லவில்லை. சபை என்று ஒன்று இருக்கிறது, அது எழுந்து நிற்கும் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்த அளவுகூட நம் டைரக்டர்களுக்குத் தெரியவில்லை என்கிறேன்.

பெரிய உதாரணங்களை விட்டுவிடுகிறேன். நல்லம்பள்ளியிலிருந்து சில மைல் தள்ளி, நெடுஞ்சாலையை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடம். முப்பது நாற்பது பேர் வருவார்கள். எதிர்ச் சந்தில் ஒருவன் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தான். அரசாங்கக் கடை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கிறது. அதற்கு முன்னால் தாகம் எடுக்கிறவர்களுக்குக் கூடுதல் விலைக்கு இவன். ஆகவே அவனுடைய மும்முரமான நேரமும் ஆராதனை நேரமும் ஒன்று. (1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்த பழைய சேலம் ஜில்லாவில்தான் இந்தப் பக்கமெல்லாம் அப்போது இருந்தது. சரித்திரத்துக்கும் கொஞ்சம் நகைச்சுவை உண்டு.) அவனுக்கு நாலு தடியர்கள் துணை. சொல்லிப் பார்த்த ஒருவருடைய சைக்கிள் கிணற்றில் கிடந்தது. புகார் கொடுத்தார்கள். பிரயோஜனம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பத்துப் பதினைந்து பேர் பாட்டுப் புஸ்தகத்தோடு வெளியே வந்து அவன் திண்ணைக்கு எதிரே நின்று பாட ஆரம்பித்தார்கள். போதகர் வரவில்லை. உள்ளேயே முழங்காலில் இருந்தார். கதவை உள்பக்கம் தாழிட்டிருந்தாரா இல்லையா என்பதில் சபைக்குள் இன்றுவரை இரண்டு கட்சி. பாடினவர்களில் எல்லோரையும்விட உரக்கப் பாடினவள் பாட்டில் விற்கிறவனின் அம்மா. யாரை உத்தேசித்துப் பாடுகிறோம் என்று தெரியாதவள்போல, கண்ணை மூடிக்கொண்டு. மாரியம்மன் கோவில் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்துகொண்டார்கள். பாட்டுத் தெரியாததால் அவர்கள் குலவை போட்டார்கள்.

தடியர்களில் ஒருவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். முன்னால் நின்றவள் பள்ளிக்கூடச் சத்துணவில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஆயா. "எந்தக் கைடா அது? ரெண்டாவது முட்டைக்குத் தட்டை நீட்டினியே, அந்தக் கையா?" என்றாள். அவன் நின்றுவிட்டான். வாங்க வந்தவர்களும் ஒவ்வொருவராக அவள் முகத்தைப் பார்த்து வந்த வழியே திரும்பினார்கள். அத்தனை பேருக்கும் அவள் சோறு போட்டிருக்கிறாள். யார் அழுதான், யார் கத்தரிக்காயை ஒதுக்கினான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் சொல்லிவிடக்கூடும். கத்திக்கு அஞ்சாதவர்கள் இதற்கு அஞ்சினார்கள்.

மூன்று ஞாயிறு இப்படி. நாலாவது வாரம் அவன் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கடையை மாற்றிக்கொண்டான். வியாபாரம் நின்றுவிடவில்லை. குடிக்கிறவர்கள் இப்போது லாரிகளுக்கு நடுவில் ரோட்டைத் தாண்டவேண்டியிருக்கிறது. அதற்காகவும் சபையில் ஜெபிக்கிறார்கள். அம்மா ஆராதனை முடிந்ததும் மகனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அதே ரோட்டைத் தாண்டுகிறாள்.

இதை நான் மொட்டை மாடியில் சொன்னேன். கவிஞர் நண்பர் சிரித்தார். பிறகு சிரித்ததற்காக வருந்துகிறவர்போல, "இதில் ஹீரோ யார்?" என்று கேட்டார். நடைமுறை நண்பர், போதகரைக் கொஞ்சம் வீரமானவராக மாற்றி இரண்டு சண்டை வைத்தால் தேறும் என்றார்.

ஆயாவிடம் போய் இதையும் சொன்னேன். "படமாவா?" என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கதவு தாழ் விவகாரத்தை மட்டும் போடாதே சாமி. அவரு பெண்டாட்டி சங்கடப்படும்" என்றாள்.