இன்னுமா சரியாகவில்லை?



சென்ற ஆண்டு ஜூலை மாதம் ஒரு நாள், பாடம் நடத்தி முடித்துவிட்டு வகுப்பறை மேடையிலிருந்து இறங்கும்போது கால் பிசகிக் கீழே விழுந்தேன். மேடையின் உயரம் ஒரு சாண்தான். ஆற்றல் மாற்றத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, அதை இப்படிச் செய்முறையாகவும் காட்டியிருக்க வேண்டாம்! வலது கணுக்காலின் இரு பக்கமும் எலும்பு முறிந்திருந்தது. மூன்றாம் நாள் அறுவை செய்து, வெளிப்பக்க எலும்பில் ஒரு தகடும் ஆறு திருகுகளும், உட்பக்கத்தில் இரண்டு திருகுகளும் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். எக்ஸ்ரே படத்தில் எலும்பு நன்றாகக் கூடி வந்திருந்தது.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் நான் ஓயாமல் கேட்டு வரும் கேள்வி ஒன்று உண்டு. "என்ன சார், இன்னுமா சரியாகலை?" என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர். "கட்டுப் பிரிச்சு எத்தனை மாசமாச்சு, இன்னுமாடா தம்பி நொண்டுறே?" என்கிறார் பெரியம்மா. எவரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு தவறான கருத்து ஒளிந்திருக்கிறது. கட்டுப் பிரித்த நாளோடு காயம் முடிந்துவிட்டது என்பதே அது. என் வரையில் அது வெறும் சலிப்பு. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு மாணவிக்கு அது அப்படி இல்லை. அவள் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு சிறு கணக்கு.

ஒரு காலில் நின்று, குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் உடலைத் தாங்குங்கள். பாதம் இப்போது ஒரு நெம்புகோல். கணுக்கால் மூட்டே இதன் சுழலச்சு. தரை உங்களை முன்பாதத்தில் மேல்நோக்கித் தள்ளுகிறது. குதிகாலின் பின்னால் தடித்த கயிறு போலத் தட்டுப்படும் அக்கிலிஸ் தசைநாண் குதிகாலை மேல்நோக்கி இழுக்கிறது. கணுக்காலிலிருந்து முன்பாதம் 12 செ.மீ. தொலைவிலும், தசைநாண் 5 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். உங்கள் நிறை 50 கிலோகிராம் என்றால் எடை ஏறத்தாழ 500 நியூட்டன். திருப்புத்திறன்களைச் சமப்படுத்திப் பாருங்கள். தசைநாணின் இழுவிசை 500-ஐ 12-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தது, அதாவது 1,200 நியூட்டன். மேல்நோக்கிய இவ்விரு விசைகளையும் கணுக்கால் மூட்டு தாங்க வேண்டும். ஆகக் கூடுதல் 1,700 நியூட்டன். நாற்பது கிலோ நெல் சிப்பம் நான்கை அடுக்கி வைத்தாலும் இதற்குச் சற்றுக் குறைவுதான்! அசையாமல் நிற்கும்போதே இவ்வளவு. நடக்கும்போது இந்த மூட்டின் மேல் விழும் விசை உடல் எடையைப் போல் நான்கு, ஐந்து மடங்கு வரை செல்கிறது. ஓடும்போது இன்னும் அதிகம்.

இவ்வளவு விசையைத் தாங்கும் மூட்டின் அமைப்பைப் பாருங்கள். டிபியா, ஃபிபுலா என்ற இரு கால் எலும்புகளின் கீழ்முனைகள் சேர்ந்து ஒரு காடி போல் அமைகின்றன. தச்சர் வெட்டிய காடியில் மற்றொரு கட்டையின் முனை இறுக்கமாகப் பொருந்துவதுபோல், தாலஸ் என்ற எலும்பு அதனுள் பொருந்துகிறது. பொருத்தம் கெட்டால் என்ன ஆகும்? 1976-இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் இதை அளந்து பார்த்தார்கள். இறந்தவர்களின் கணுக்கால்களில் தாலஸ் எலும்பை வெளிப்பக்கமாக ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்த்தியபோது, எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 விழுக்காடு குறைந்துபோயிற்று. விசை மாறவில்லை, பரப்பு மட்டும் 100-இலிருந்து 58 ஆகிறது. அழுத்தம் எத்தனை மடங்காகும்? ஏறத்தாழ 1.7 மடங்கு. அந்த அழுத்தம் விழுவது குருத்தெலும்பின் மேல். தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் பழையபடி வளர்வதில்லை. அறுவை மருத்துவர் ஒரு மில்லிமீட்டருக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார் என்பது எனக்கு இந்தக் கணக்கைப் போட்டபின்தான் விளங்கிற்று.

அறுவையின் நோக்கம் பற்றியும் பலருக்குத் தெளிவில்லை. மாவுக்கட்டை 1850-களின் தொடக்கத்தில் மாத்தைசன் என்ற டச்சு இராணுவ மருத்துவர் உருவாக்கினார். முறிந்த எலும்பு அசையாமல் இருக்க அது மிக நல்ல வழி. ஆனால் எலும்போடு சேர்ந்து மூட்டும் தசையும் அசையாமல் போகின்றன. எலும்பு கூடும், மூட்டு விறைத்துப் போகும். 1958-இல் சுவிட்சர்லாந்தில் மாரிஸ் முல்லர் முதலிய அறுவை மருத்துவர்கள் கூடி ஏ.ஓ. என்ற குழுவைத் தொடங்கினார்கள். முறிந்த எலும்பைத் தகட்டாலும் திருகாலும் உறுதியாகப் பிணைத்துவிட்டால் மூட்டைச் சீக்கிரமே அசைக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே, தகடு வைப்பது நாம் நிம்மதியாகப் படுத்துக் கிடப்பதற்காக அன்று, விரைவில் அசைவதற்காகவே. தகடு வைத்த பின்னும் "காலை அசைக்காதே, அசைக்காதே" என்று வீட்டில் எல்லோரும் என்னைக் காவல் காத்தது வேறு கதை.

சரி, எலும்பு கூடிவிட்டது. பின் என்னதான் சரியாகவில்லை?

முதலாவது எலும்பேதான். படத்தில் கூடிய எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும் வேலை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1892-இல் ஒரு நூலே எழுதினார். சுமை இல்லாவிட்டால் எலும்பு மெலியும். விண்வெளி நிலையத்தில் பல மாதம் மிதப்பவர்களுக்கு இடுப்பு போன்ற எடை தாங்கும் இடங்களில் மாதம் ஒன்றுக்கு 1 முதல் 1.5 விழுக்காடு எலும்புத் திண்மை குறைகிறது. கட்டுப்போட்ட காலும் ஒரு வகையில் விண்வெளிக்குப் போய் வந்த கால்தான்.

அடுத்தது தசை. கட்டைப் பிரித்த அன்று இரண்டு கெண்டைக்கால்களையும் நூல் வைத்து அளந்தேன். ஆறு வாரத்தில் வலது காலின் சுற்றளவு மூன்று செ.மீ. குறைந்திருந்தது. எலும்பு கூட எடுத்துக்கொண்ட காலத்தில் தசை கரைந்திருந்தது. கரைந்தது வாரங்களில், வளர்வது மாதங்களில்.

இதன் விளைவை மாலைதோறும் என் பாதத்தில் பார்க்கலாம். நான்கு வகுப்பு நின்றபடி எடுத்தால் வீங்கிவிடும், செருப்பின் வார் பதிந்த தடம் தெரியும். இதிலும் இயற்பியல் இருக்கிறது. நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால் வரை ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரமுள்ள இரத்தத் தம்பம் இருக்கிறது. அதன் அழுத்தம் உங்களுக்குத் தெரிந்த வாய்பாட்டின்படி, அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகை. இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,060 கிலோகிராம். பெருக்கினால் ஏறத்தாழ 12,500 பாஸ்கல், அதாவது 94 மி.மீ. பாதரசம் வருகிறது. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில் இதை ஒட்டிய அழுத்தம்தான் இருக்கிறது. நடக்கத் தொடங்கியதும் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றுகிறது, சிரையின் வால்வுகள் அது திரும்பி வராமல் தடுக்கின்றன. கையால் அடிக்கும் தண்ணீர்ப் பம்பு போலத்தான்! தசை மெலிந்தால் பம்பு சரியாக அடிக்காது. நீர் திசுக்களில் தங்கும். இதயத்தைவிட உயரமாகக் காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் வீக்கம் ஏன் வடிகிறது என்பதை இனி நீங்களே சொல்வீர்கள்.

மூன்றாவது ஒன்று கண்ணுக்கே தெரியாதது. சுவரின் அருகில், கைக்கெட்டும் தூரத்தில் நின்று ஒரு காலைத் தூக்குங்கள். இப்போது கண்களை மூடுங்கள். ஊன்றிய பாதம் ஓயாமல் சிறு சிறு திருத்தங்கள் செய்வதை உணர்கிறீர்களா? கணுக்காலின் தசைநார்களிலும் தசைகளிலும் உள்ள உணர்விகள் மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கும் தண்டுவடத்துக்கும் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தசைநார் கிழிந்தால் இச்செய்தியும் கெடுகிறது. 1965-இல் ஃப்ரீமன் என்ற ஆங்கில மருத்துவரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதைச் சுட்டிக்காட்டி, ஆடும் பலகையின் மேல் நின்று பழகும் பயிற்சியைப் பரிந்துரைத்தார்கள். கட்டுப் பிரித்து மூன்று மாதம் கழிந்தும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு வலது காலில் நான்கு வினாடிகூட நிற்க முடியவில்லை. எந்த எக்ஸ்ரே படத்திலும் இது தெரியாது.

நாற்பதைத் தாண்டிய ஆசிரியருக்கு மெதுவாகத்தான் ஆறும் என்று சிரிக்கிறீர்களா? முகமது ஷமியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 உலகக் கோப்பையில் 24 விக்கெட் எடுத்தவர். 2024 பிப்ரவரியில் அவருக்குக் குதிகாலில் அறுவை நடந்தது. சிறந்த மருத்துவர்கள், பயிற்சியாளர்கள், கருவிகள் எல்லாம் அவருக்குக் கிடைக்கும். இருந்தும் வங்காள அணிக்காக ரஞ்சி ஆட்டத்தில் மீண்டும் பந்து வீசியது அவ்வாண்டு நவம்பரில். இந்திய அணிக்காக ஆடியது 2025 ஜனவரியில். பதினொரு மாதம்! அவரிடம் ஆறாவது வாரத்தில் யாராவது "இன்னுமா?" என்று கேட்டிருப்பார்களா?

இப்போது அந்த மாணவியின் கதை. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், கோ-கோ ஆட்டக்காரி. என்னைப் போலவே முறிவு, என்னைப் போலவே தகடு. கட்டுப் பிரித்துப் பள்ளிக்குப் போனபோது அவள் வகுப்பு இரண்டாம் மாடியில் இருந்தது. சில வாரங்களுக்கு வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியுமா என்று அவள் அம்மா கேட்டதற்கு, "டாக்டரே கட்டைப் பிரிச்சுட்டாரே, அப்புறம் என்ன?" என்று பதில் வந்தது. தினம் நாற்பத்தெட்டு படிகள் ஏறி இறங்கினாள். விளையாட்டு வேளையிலோ நேர் எதிர். "விளையாடத் தகுதி உண்டா, இல்லையா? சான்றிதழ் கொண்டு வா" என்றார்கள். பயந்துபோன வீட்டார், ஆண்டு முழுவதும் விளையாட்டிலிருந்து விலக்கு என்று எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் புத்தகப் பைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

மாடிப்படியில் அளவுக்கு மீறிய சுமை, மைதானத்தில் சுமையே இல்லை. பார்வைக்கு எதிரெதிர். ஆனால் இரண்டும் ஒரே தவறு என்பது என் கருத்து. குணமாவதைச் சுவிட்ச் என்று நினைக்கிறோம். அது மின்விசிறி ரெகுலேட்டர். ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகத்தான் திருப்ப வேண்டும், சில நாள் ஒரு படி பின்னால் திருப்பவும் வேண்டியிருக்கும். "தகுதி உண்டு", "தகுதி இல்லை" என்ற இரண்டே சொற்கள் கொண்ட சான்றிதழ், 0, 100 என்ற இரண்டு கோடுகள் மட்டும் போட்ட வெப்பமானியைப் போன்றது. அப்படி ஒரு வெப்பமானியை ஆய்வகத்தில் வைத்தால் தலைமை ஆசிரியர் ஒப்புவாரா?

எந்த வாரம் எவ்வளவு சுமை என்பதை அறுவை செய்த மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும்தான் சொல்ல வேண்டும். அதில் ஆசிரியரோ, நானோ, பெரியம்மாவோ தலையிடக் கூடாது. ஆனால் அவர்கள் சொல்வதை எழுதி வாங்கி நடைமுறைப்படுத்துவது பள்ளியின் வேலை. இம்மாதம் தரையில் நடை, அடுத்த மாதம் ஒரு மாடி, அதற்கடுத்து மெதுவோட்டம், குதிப்பது கடைசியில் என்று ஒரு தாளில் எழுதி உடற்கல்வி ஆசிரியரின் மேசையில் வைத்தால் போதும். செலவு எதுவும் இல்லை. காலை வழிபாட்டில் பத்து நிமிடம் நிற்கட்டும், பிறகு உட்காரட்டும். வகுப்பில் காலை நீட்டி வைக்க ஒரு முக்காலி. "அவளுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கும் வகுப்புத் தோழர்களுக்கு மேலே உள்ள 1,700 நியூட்டன் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். நெம்புகோல் பாடமும் நடந்துவிடும்.

இரு வாரத்துக்கு முன் அந்தப் பெண்ணின் பெற்றோர் அவளை மருத்துவரிடம் மீண்டும் அழைத்துப் போய், விலக்குச் சான்றிதழுக்குப் பதிலாக இப்படி ஒரு அட்டவணை எழுதி வாங்கி வந்தார்கள். பள்ளி அதை ஏற்குமா என்று இன்னும் பதில் வரவில்லை. இதற்கிடையில் எங்கள் இருவருக்கும் ஒரு போட்டி நடக்கிறது. சுவரில் விரல் நுனியை வைத்து, அடிபட்ட காலில் மட்டும் நின்று குதிகாலை எத்தனை முறை தூக்க முடிகிறது என்று மாலையில் எண்ணுகிறோம். மருத்துவர் இருவருக்கும் அனுமதித்த பயிற்சிதான். என் இடது கால் இருபத்தைந்து முறை தூக்கும். நேற்று வலது கால் பதினொன்று. அவள் பதினேழு.