கணிப்பொறிப் பக்கம்: நிலப்பதிவேட்டுக்கு ஒரு குறுக்குவழி

கீழ்வேளூர்ப் பக்கம் நிலமுள்ள இல்லங்களில் பட்டா, சிட்டா நகல்கள் அடிக்கடி தேவைப்படும். அரசின் நிலப்பதிவேட்டுத் தளத்தை ஒவ்வொரு முறையும் தேடுவானேன்? தேடலில் போலித் தளங்களும் தலைகாட்டும். தளப்பெயர் ‘டிஎன் டாட் கவ் டாட் இன்’ என முடிகிறதா என ஒருமுறை பார்த்துக்கொண்டு, முகவரிக்கு இடப்புறமுள்ள சிறு சின்னத்தைச் சுட்டியால் இழுத்துத் திரையின் முகப்பில் விடுங்கள். குறுக்குவழி ஆயத்தம்! விண்டோஸில் 1995 முதல் இருந்துவரும் வசதிதான் இது.

சேமித்துவைத்த நகலுக்கும் வழியுண்டு. ஆல்ட் விசையை அழுத்தியவாறு கோப்பை முகப்புக்கு இழுங்கள். ஆனால் அங்கே தோன்றுவது வெறும் வழிகாட்டிப் பலகையே. அதை அழித்தாலும் கோப்பு அழியாது. அதையே பென் டிரைவில் ஏற்றித் தாலுகா அலுவலக வாசலிலுள்ள கடைக்குக் கொண்டுசென்றாலோ, சிங்கப்பூரிலிருக்கும் மகனுக்கு அனுப்பினாலோ ஒன்றும் திறவாது. அதற்கு மூலக் கோப்பையே நகலெடுத்தல் வேண்டும்.