பனிக்குள் இருந்த பெயர்



ஒரு சீப்பு. ஒரு பேனா. கொஞ்சம் சில்லறைக் காசு; அதில் 1942-க்குப் பிறகு அச்சான காசு ஒன்றுகூட இல்லை. விரியாத பாராசூட் ஒன்று. 2005 அக்டோபரில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் மெண்டல் பனியாற்றில் ஏறியவர்கள், பனியிலிருந்து வெளியே தெரிந்த ஓர் உடலைக் கண்டார்கள். இவையெல்லாம் அந்த இளைஞனோடு இருந்தவை.

1942 நவம்பர் 18 அன்று சாக்ரமென்டோ அருகே மேதர் விமானத் தளத்திலிருந்து ஏ.டி.-7 என்ற ராணுவப் பயிற்சி விமானம் கிளம்பியது. ஒரு விமானி, மூன்று மாணவர்கள். வேகம், திசை, நேரம், காற்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு 'இப்போது எங்கே இருக்கிறோம்' என்று சொல்வதுதான் மாணவர்களின் பாடம். வரைபடம் விரித்துக் கணக்குப் போட விமானத்துக்குள்ளேயே மூன்று மேசைகள் இருந்தன. வடக்கே போயிருக்க வேண்டிய விமானம் தென்கிழக்கே, 12,000 அடிக்கும் மேலே, மலையில் மோதிக் கிடந்தது. வழி சொல்லக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள் எப்படி வழி தவறினார்கள் என்பது இன்றுவரை புதிர்தான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க மண்ணிலேயே, எதிரியின் முகம் பாராமல், ராணுவ விமான விபத்துகளில் மாண்டவர்கள் ஏறத்தாழ 15,000 பேர்.

1947-ல் அந்த விமானத்தின் சிதைவுகள் கண்ணில் பட்டன. கிடைத்த எச்சங்களை நால்வருக்கும் பொதுவாக ஒரே கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கோப்பு மூடியது. தாய்மார்களின் மனம் மூடியிருக்குமா?

2005-ல் கிடைத்த உடலின் சீருடையில் அரித்துப்போன பெயர்ப்பட்டை ஒன்று இருந்தது. ஆய்வகத்தில் பாடுபட்டு எழுத்துக் கூட்டினார்கள்: லியோ மஸ்டோனன். வயது 22. மினசோட்டாவின் பிரைனர்ட் ஊர்க்காரர். மறு ஆண்டு சொந்த ஊர் மண்ணில் அடக்கமானார். வரவேற்க அம்மா அப்பா உயிரோடு இல்லை.

2007-ல் அதே பனியாற்றில் இன்னோர் உடல். டி.என்.ஏ. சோதனை சொன்ன பெயர், எர்னஸ்ட் கிளென் மன். ஒஹாயோவில் அவருடைய தங்கைகள் மூவர் உயிரோடு இருந்தார்கள். 23 வயதில் போன அண்ணனை, முதுமையில் தளர்ந்த அந்தத் தங்கைகள் 2008-ல் வழியனுப்பினார்கள்.

நமக்கும் இப்படி ஒரு மலை உண்டு. 1968 பிப்ரவரி 7 அன்று 102 பேரோடு இமாசலப் பிரதேசத்தின் ரோதாங் பகுதியில் இந்திய விமானப்படையின் ஏ.என்.-12 விமானம் மறைந்தது. கடைசியாக 2024-ல் நால்வரின் உடல்கள் மீட்கப்பட்டன. அவர்களில் சிலர் யார் என்று சொன்னது, ஐம்பத்தாறு வருடப் பனிக்குள் நனைந்து கிடந்த காகிதம்.

பட்டையிலோ காகிதத்திலோ யாரோ எழுதிவைத்த பெயர்தான் இவர்களில் சிலரை வீடு சேர்த்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய புகைப்படம் இருக்கும். அதன் ஓரத்தில் நிற்பவர் யாரென்று பாட்டிக்கு மட்டுமே தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியிடம் கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்களேன்.

அன்புடன்,
ஆசிரியர்