உப்புநீருக்கும் அதே பலன்

1998இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். வயிற்றுக் கோளாறுக்கான பரிசோதனையின்போது அவர்களுக்கு செக்ரெட்டின் என்ற ஹார்மோன் ஊசி போடப்பட்டது. கணையத்தைச் சுரக்க வைக்கும் பொருள் அது; மூளைக்கான மருந்தே அல்ல. ஆனால் ஐந்து வாரங்களுக்குள் மூவரும் முகம் பார்த்தார்கள், பேச்சும் கூடியது. செய்தி தொலைக்காட்சிக்கு வந்ததும் பெற்றோர் அந்த ஊசியைத் தேடி அலையத் தொடங்கினார்கள்.

மறு ஆண்டே 60 குழந்தைகளிடம் முறையான சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்கு செக்ரெட்டின், மறு பிரிவுக்கு வெறும் உப்புநீர். எந்தப் பிள்ளைக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரம் கழித்து இரண்டு பிரிவிலும் முன்னேற்றம் தெரிந்தது. உப்புநீரைவிட செக்ரெட்டின் எந்த வகையிலும் மேலாக இல்லை. இந்த முடிவைச் சொன்ன பிறகும், பெற்றோரில் 69 சதவீதம் பேர் அந்த மருந்தில் தங்களுக்கு இன்னும் ஆர்வம் உண்டு என்றார்கள். பிறகு 16 சோதனைகள், 900க்கும் மேற்பட்ட குழந்தைகள் என்று விரிந்த ஆய்வுத் தொகுப்பும் மருந்துக்குப் பலனில்லை என்பதையே உறுதிசெய்தது.

அந்தப் பெற்றோரை ஏமாளிகள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் கண்டது பொய்யும் அல்ல. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் வளர்கிறது. மூன்று வயதில் வராத பேச்சு ஐந்தில் வருவதுண்டு. நிலைமை மிக மோசமான மாதத்தில்தான் பெற்றோர் புது மருத்துவரைத் தேடி ஓடுகிறார்கள்; அதன் பிறகு சற்றுத் தேறுவது இயல்பு. பேச்சுப் பயிற்சி ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும். ஆனால் பெயரென்னவோ ஊசிக்குத்தான்! ஆகவே, ‘என் பிள்ளை தேறியிருக்கிறான்’ என்ற தாயின் சொல்லை நம்பலாம். ‘இந்த மருந்தால்தான்’ என்பதற்கு மட்டும் அது சான்றாகாது.

தாயின் அந்தச் சொல்லையே விளம்பரமாக்கிக் காசு பார்ப்பவர்கள்தான் குற்றவாளிகள். செக்ரெட்டினால் பெரிய கேடு இல்லை என்று விடலாம். ஆனால் ஆட்டிசத்துக்காக உடலிலிருந்து பாதரசத்தை நீக்குகிறோம் என்று சொல்லிச் செய்யப்பட்ட கீலேஷன் சிகிச்சையில் 2005இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். ரத்தத்தில் கால்சியம் சரிந்து இதயம் நின்றுவிட்டது. ஆட்டிசத்துக்கு மருந்தென்று விற்கப்பட்ட ஒரு ‘அற்புதக் கரைசல்’, துணி வெளுக்கும் ரசாயனமான குளோரின் டை ஆக்சைடு.

நம் நாட்டில் இன்று செக்ரெட்டினின் இடத்தில் இருப்பது ஸ்டெம் செல் சிகிச்சை. ரத்த நோய்களுக்காக ஸ்டெம் செல்லை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை தவிர மற்ற எதற்கும், அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லைப் பயன்படுத்துவது நெறியல்ல என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டி சொல்கிறது. ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது, விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுங்கீனம் என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமும் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் நகையை அடகு வைத்து லட்சங்களைக் கட்டும் குடும்பங்கள் இருக்கின்றன.

சொன்னது போதாது, நடவடிக்கை வேண்டும். 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் ‘மூளை நோய்கள், கோளாறுகள்’ என்று பொதுவாகத்தான் இருக்கிறது. ஆட்டிசம் என்ற சொல்லே பரவாத காலத்தின் சட்டம் அது. அங்கே ஆட்டிசத்தைப் பெயர் சொல்லியே சேர்க்க வேண்டும். ‘குணமாக்குகிறோம்’ என்று பலகை வைக்கும் மையங்களைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் புகாருக்குக் காத்திராமல் தானே விசாரிக்க வேண்டும். ஆய்வு என்று சொல்லிக்கொண்டு பெற்றோரிடம் கட்டணம் வாங்கியவர்களை அதைத் திருப்பித் தர வைக்க வேண்டும். சிகிச்சையில் அவ்வளவு நம்பிக்கை உள்ளவர்கள், செக்ரெட்டினுக்கு நடந்த சோதனையைப் போலவே உப்புநீருக்கு எதிரே தங்கள் ஊசியை வைத்துக் காட்டட்டும். செலவு அவர்களுடையதாக இருக்கட்டும்.