சென்டர் சாவியை யாரிடம் கொடுப்பது?



மாசி மாதம் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். புளி உலுக்கும் சமயம். வாசலுக்கு வாசல் புளி கொட்டிக் கிடக்க, பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓடு உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. நிழலுக்கு ஒதுங்கிய இடம் அங்கன்வாடி. ஊரில் கேட்டால் இன்றைக்கும் 'பால்வாடி' என்றுதான் சொல்கிறார்கள்.

உள்ளே பதினான்கு பிள்ளைகள். டீச்சர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கழுவிக் காயவைத்த புளியங்கொட்டைகளை உள்ளங்கையில் மூடிக்கொண்டு "ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்கிறார். ஒரே கூச்சல். கையைத் திறந்து எல்லோரும் சேர்ந்து எண்ணுகிறார்கள். மூலையில் ஒரு பையன் மட்டும் வாய் திறக்கவில்லை. டீச்சர் அவன் பக்கம் நகர்ந்து கொட்டைகளை முன்னால் வைத்து, "என்னி ரா?" என்றார். "ஐது" என்றான் பட்டென்று. பிறகு ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு, தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, இருவருமாக எண்ணி முடித்தார்கள். அவனுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை, கேட்ட பாஷைதான் தகராறு. அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்களாம். பாட்டி வீட்டில் வளர்கிறான், அங்கே பேச்சு தெலுங்கு.

"இதெல்லாம் டிரெயினிங்கில் சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"கொட்டை விளையாட்டு எங்கம்மா சொல்லிக் குடுத்தது சார். டிரெயினிங்ல எடை போட, ரிஜிஸ்தர் எழுத, பாட்டு, கதை, எல்லாம் சொன்னாங்க. ஆனா இவன மாதிரி புள்ளைங்க ஏன் பேச மாட்டேங்குது, என்ன பண்ணா பேசும்னு படிச்சுத் தெரிஞ்சிக்கணும்னு ஆசை."

பன்னிரண்டாவது முடித்தவர். பதினோரு வருட சர்வீஸ். அஞ்சல் வழியில் குழந்தைக் கல்வி டிப்ளமா படிக்க இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டே இருக்கிறார். பணம்தான் தடையோ என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, "பீஸ் எவ்வளவு?" என்றேன்.

"பீஸ் சீட்டுப் பணம் எடுத்துக் கட்டிடுவேன் சார். ஞாயித்துக்கிழமை வகுப்பும் பரவால்ல. பரீட்சையும் பிராக்டிகலும் வேலை நாள்ல வருது. எங்க ஆயா ரிட்டயராகிப் போயிட்டாங்க, இன்னும் ஆள் போடல. நான் தர்மபுரிக்குப் பஸ் ஏறிட்டா அன்னிக்கு இந்தச் சாவிய யாருகிட்ட குடுக்கறது?"

முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்துக் காட்டினார். கல்வி உதவித்தொகை பற்றி எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன், நம் இதழிலேயே போட்டும் இருக்கிறேன். இந்தச் சாவி எதிலும் வரவில்லை.

நம் தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து பிறந்தது 1965 அக்டோபர் 2. சரியாகப் பத்து வருடம் கழித்து, 1975 அக்டோபர் 2 அன்று, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடங்களில், பள்ளிக்கு முந்திய வயதுக் குழந்தைகளுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய்ந்த அரசுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மீனா சுவாமிநாதன். சோறும் தடுப்பூசியும் மட்டும் போதாது, விளையாட்டும் பேச்சும் அதே கூரையின் கீழ் கிடைக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கு மேற்பட்ட மையங்கள். கூரை கிடைத்துவிட்டது. சோறும் கிடைத்துவிட்டது, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்தே ஆரம்பித்ததை மறக்க முடியாது. பேச்சையும் விளையாட்டையும் கொடுக்கவேண்டியவருக்குத் திட்டம் வகுத்த ஆரம்பப் பயிற்சி 26 வேலை நாட்கள். தையல் கற்றுக்கொள்ளவே ஆறு மாதம் ஆகிற ஊர் இது.

தருமபுரிக்கு இது மற்ற மாவட்டங்களைவிட அதிகம் உறைக்கவேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டம் நாம், 68.54 சதவீதம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் இங்கே கொண்டுவரப்பட வேண்டிய நிலையில் இருந்தவர்களும் நாம்தான். சித்தேரி, வத்தல்மலை மாதிரி இடங்களிலும், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஆள் போய்க் காலியாகும் கிராமங்களிலும், பல பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் ஒரே பெரிய மனுஷி பால்வாடி டீச்சர்தான். அவர் ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு எனக்குப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. அந்த "ஐது" போதும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020-க்கும் நம் மாநிலத்துக்கும் உள்ள சண்டை ஊரறிந்தது. ஆனால் அதில் ஒரு பத்தி இவர்களைப் பற்றியது: பன்னிரண்டாவது முடித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு, அதற்குக் குறைந்தவர்களுக்கு ஒரு வருட டிப்ளமா, வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் செல்போன் வழியாக. யோசனை நல்ல யோசனை. எழுதியவர் அந்த செல்போனை இப்போது போய்ப் பார்க்கவேண்டும். போஷன் டிராக்கர் செயலியில் வருகைப் பதிவு, எடை, உயரம், சத்துமாவு வாங்கவந்த தாயின் முகப்பதிவு எல்லாம் அதில்தான். சிக்னல் கிடைக்க டீச்சர் வேப்பமரத்தடிக்கு வருவதை நானே பார்த்தேன். 2023-இல் மத்திய அரசு தொடங்கிய 'போஷன் பி படாய் பி' பயிற்சி வேறு வருகிறது, மூன்று நாள். பயிற்சிக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றுகூட அவரை ஒரு படி மேலே ஏற்றுவதில்லை. சான்றிதழ்கள் பீரோவில் சேர்கின்றன, அவ்வளவுதான்.

ஏணியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. உதவியாளர் பணியாளராகவும், பணியாளர் மேற்பார்வையாளராகவும் பதவி உயர்வு பெற வழி இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதல், ஐந்து வருட அனுபவம் உள்ளவர்களுக்கு மேற்படிப் பணியிடங்களில் பாதியை ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய இருபது மையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர். இருபது பேர் வரிசையில் நிற்க, ஒரு நாற்காலி. அதுவும் கிடைத்தால் பிள்ளைகளை விட்டுவிட்டு ஃபைலுக்குப் போகவேண்டும். நல்லா சொல்லிக் கொடுப்பவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டே உயர வழியில்லை. தமிழ்நாட்டில் பணியாளரின் சிறப்புக் காலமுறை ஊதியம் 7,700-இல் தொடங்குகிறது. டிப்ளமா வாங்கினாலும் அதே எண்தான்.

2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது, உபரி இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். சங்கங்கள் எதிர்த்தன, வழக்குப் போட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது ஒரு 'இறக்கம்' என்று நாம் எல்லோருமே ஒப்புக்கொண்டிருப்பது அப்போது வெட்டவெளிச்சமானது. இத்தனைக்கும் மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமில் தொடங்கியது கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான இடம். அவர் பெயர் இன்று நம் ஊரில் வேன் வைத்த பள்ளிகளின் போர்டில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னபோது, இவர்கள் முன்பருவக் கல்வி கொடுப்பவர்கள் என்பதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டது. ஓய்வுபெறும் நாளில் கிடைத்த மரியாதை அது. வேலை செய்யும் நாளில்?

அமெரிக்காவின் வட கரோலினாவில் 1990-இல் ஒரு உதவித்தொகைத் திட்டம் ஆரம்பித்தார்கள். 'டீச்' என்று பெயர். மழலையர் காப்பகத்தில் வேலை பார்ப்பவர் கல்லூரியில் படிக்க, கட்டணத்தில் பெரும்பகுதியைத் திட்டம் கட்டும். மீதியை அவரும் வேலை கொடுத்தவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். புத்தகத்துக்கும் போக்குவரத்துக்கும் பணம் உண்டு. எனக்குப் பிடித்தது அடுத்தது: படிக்கப் போகும் நேரத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு, அந்த நேரத்துக்கு மாற்று ஆள் வைக்கும் செலவு உட்பட. முடித்ததும் ஊக்கத்தொகை அல்லது சம்பள உயர்வு. பதிலுக்கு இன்னும் கொஞ்ச காலம் அதே இடத்தில் வேலை செய்வதாக வாக்கு. அங்கே யாரோ ஒருவர் சாவியைப் பற்றி யோசித்திருக்கிறார்.

நம்மிடம் என்ன இல்லை? புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது. பஸ் கட்டணமும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இல்லை. முப்பத்தெட்டு வயது டீச்சர் படிக்க நினைத்தால் மட்டும் அவருக்கென்று ஒரு கதவும் இல்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர்கள் இருக்கிறார்கள், கையும் காலும் திடமாக. அவர்களில் பத்துப் பேரின் பெயரை வட்டார அலுவலகத்தில் எழுதி வைத்து, பரீட்சை நாளில் தினக்கூலிக்கு வரச்சொன்னால் சாவிப் பிரச்சினை தீர்ந்தது. டிப்ளமா முடித்தால் ஊதியத்தில் ஒரு படி கூட்டிக் கொடுத்தால், சீட்டு எடுக்காமலும் படிப்பார்கள். பெரிய திட்டம், பெரிய விழா எதுவும் கேட்கவில்லை நான்.

அங்கன்வாடியில் வேலை பார்க்கும் வாசகிகள் இந்த இதழுக்கு நிறையப் பேர் என்பது சந்தா ஏட்டைப் பார்த்தால் தெரிகிறது. வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் எழுதுங்கள். எப்படிச் சமாளித்தீர்கள், அந்த நாளில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டது என்று எழுதுங்கள். ஒரு கார்டு போதும்.

இந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் முன் அந்த டீச்சருக்குப் போன் செய்தேன், டிப்ளமா என்ன ஆச்சு என்று கேட்க. நாலாவது முறை எடுத்தார். பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"சார், அப்புறம் பேசறேன். சாம்பார் அடுப்புல இருக்கு" என்று வைத்துவிட்டார்.