பாவித்த நடை மெசினும் மூன்று நாள் தவணையும்



வலப்பனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய உம்மாவுக்கு வயது 58, சீனி வியாதி. தினமும் அரை மணி நேரம் நடக்கும்படி டொக்டர் சொல்லியிருக்கிறார். எங்கே நடப்பது? வாசலை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் ஏற்றம், மறு பக்கம் இறக்கம். முழங்கால் தாங்காது. காலையில் பனிமூட்டம், பின்னேரம் மழை, வளைவில் எப்போது பஸ் வரும் என்று தெரியாது. கண்டியில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறதாம். தங்களுடைய ட்ரெட்மில்லை 85,000 ரூபாவுக்குக் கொடுக்கத் தயாராம். "போட்டோவில் புத்தம் புதிதாக இருக்கிறது. நானா நாளைக்கே அட்வான்ஸ் அனுப்பப் பார்க்கிறார். அனுப்பலாமா?" என்று கேட்கிறார்.

அனுப்ப வேண்டாம், சகோதரியே. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் மெசினைப் பார்ப்போம்.

தையல் மெசின் பாவித்துத் தேயும். உடற்பயிற்சி மெசின்களோ பெரும்பாலும் பாவிக்காமலே கெடுகின்றன. ஆசையாக வாங்கி இரண்டு மாதம் நடப்பார்கள். பிறகு கைபிடியில் சாரமும் துவாயும் காயும். (எங்கள் வீட்டிலும் அதே கதைதான், மறைக்க என்ன இருக்கிறது?) அதனால் பெயின்டின் பளபளப்பை நம்ப முடியாது. ஓடாமல் கிடந்த பெல்ட்டின் அடியில் ஒயில் காய்ந்திருக்கும். ரோலர் பெயாரிங்கில் கிரீஸ் இறுகியிருக்கும். மலைநாட்டு ஈரத்தில் துரு வெளியே தெரியாமல் குழாய்க்கு உள்ளேதான் பிடிக்கும். கால் குழாயின் ரப்பர் மூடியைக் கழற்றி, குழாயை மெல்லத் தட்டிப் பாருங்கள். துருத்தூள் கொட்டினால் விலை பேசவே வேண்டியதில்லை.

நானா தனியே போகாமல் உம்மாவையும் கூட்டிக்கொண்டு நீங்களும் போங்கள். உம்மா சப்பாத்துப் போட்டுக்கொள்ளட்டும். சீனி வியாதிக்காரர்களுக்குப் பாதம் மரத்திருந்தால் காயம் பட்டாலும் தெரியாது.

ஆக மெதுவான வேகத்தில் மெசினை ஓட விட்டு, முதலில் பாரம் கூடியவர் ஏறட்டும். காலை வைக்கும்போது பெல்ட் ஒரு நொடி தயங்கி, பிறகு வெடுக்கென்று இழுத்தால் அதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம், அடியில் ஒயில் வற்றியிருக்கலாம், மோட்டருக்கே வலு குறைந்திருக்கலாம். முதல் இரண்டும் சில்லறைச் செலவு. மூன்றாவது அப்படியல்ல. எது என்று அவ்விடத்தில் உங்களால் பிரித்தறிய முடியாது. எனவே விலையை மோட்டர் கெட்ட கணக்கிலேயே பேசுங்கள். பதினைந்து நிமிடம் தொடர்ந்து ஓடிய பின் எரிந்த வாடை வருகிறதா, அரைபடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால் பயப்பட வேண்டாம். பின்னால் உள்ள இரண்டு ஆணிகளைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யலாம்.

பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் அடியில் கையை விடுங்கள். பலகை வழுவழுப்பாக, இலேசான பிசுபிசுப்போடு இருக்க வேண்டும். அதற்கென்று சிலிக்கன் ஒயில் இருக்கிறது. தேங்காயெண்ணெயையும் மோட்டர் சைக்கிள் ஒயிலையும் ஊற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். வாடையிலேயே பிடித்துவிடலாம்.

பின்பக்கத் தகட்டில் வோல்ட் எழுதியிருக்கும். நமக்கு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சாமான் 100 வோல்ட்டாக இருக்கும். சவூதியிலிருந்து முன்பு கொண்டுவந்தவை சில 127 வோல்ட். இந்த மோட்டருக்குச் சிறிய ட்ரான்ஸ்போமர் போதாது. மூன்று பின் பிளக்கை வெட்டி இரண்டு பின் போட்டிருந்தாலோ, போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலோ விட்டுவிடுங்கள்.

ட்ரெட்மில் சரிவராவிட்டால் சைக்கிள் மெசின் நல்லது. உம்மாவின் முழங்காலுக்கும் இலகு. ஆனால் பெடலைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நான் ஒரு கடையில் வாங்கியது ஆறாம் நாள் இடது பெடல் கழன்று விழுந்தது. பார்த்தால், புரி தேய்ந்த இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாளை அடைத்து முறுக்கியிருக்கிறார்கள்! இடது பெடலின் புரி எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அது தெரியாமல் யாரோ வழக்கம்போல முறுக்கிப் பாழாக்கியதன் வினை. கடைக்காரரிடம் போனேன். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்றார்.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டதும், உள்ளே ஈரம் பட்டதும், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று விற்றவரைக் கேட்டதும் நாம் அறிந்த சம்பவம். ஈயத்தாளும் அந்த ஈரமும் ஒன்றுதான். மறைந்திருந்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மார்க்கத்தில் உண்டு. கியாருல் ஐப் என்பார்கள். ஷாபிஈ மத்ஹபில் குறையைக் கண்டவுடன் தாமதிக்காமல் திருப்ப வேண்டும். பாவித்துக்கொண்டே இருந்துவிட்டு அடுத்த மாதம் போய் நிற்க முடியாது.

இதைவிட உங்களுக்கு உதவக்கூடியது கியாருஷ் ஷர்த். "மூன்று நாளைக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தருவேன்" என்று பேசும்போதே நிபந்தனை போடுவது. நம் மத்ஹபில் மூன்று நாளுக்கு மேல் செல்லாது. அதுவும் ஒப்பந்தம் முடிந்த நேரத்திலிருந்தே கணக்கு. இன்று விலை முடித்து, நான்காம் நாள் லொறி பிடித்தால் மெசின் ஹங்குராங்கெத்த தாண்டும் முன்பே தவணை போய்விடும். ஆகவே லொறி பேசிய நாளிலேயே விலையை முடியுங்கள். திருப்பி அனுப்பும் லொறிக் கூலி யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து, ஒரு தாளில் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வெளிநாடு போகிறவர்கள் எந்தத் தேதியில் போகிறார்கள் என்றும் கேளுங்கள். விமானம் ஏறியவரிடம் எதைத் திருப்புவது?

இப்போது அட்வான்ஸ். வாங்கினால் விலையில் கழியும், வாங்காவிட்டால் விற்பவருக்கே போகும் என்ற பேச்சில் கொடுக்கும் பணத்தை பைஉல் உர்பூன் என்பார்கள். ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. ஷாபிஈ உட்பட ஏனைய மூன்றிலும் அது கூடாது. மார்க்கத்தை விடுங்கள், அட்வான்ஸ் கொடுத்தவர் மெசினைப் பார்க்கும் கண்ணே வேறு. போன காசை நினைத்துக்கொண்டு குறையைக் குறையாகப் பார்க்க மாட்டார்.

கடைசியாக, உங்கள் வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று எழுதவில்லை. ட்ரெட்மில்லில் நூலோடு ஒரு சாவி இருக்கும். நூலின் நுனியை உடுப்பில் மாட்டிக்கொள்வது. விழுந்தால் சாவி கழன்று மெசின் நிற்கும். ஓடும்போது அதை இழுத்துப் பாருங்கள். நிற்காவிட்டாலோ, சாவி தொலைந்து அந்த இடத்தில் வேறு காந்தம் ஒட்டியிருந்தாலோ வாங்க வேண்டாம். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தனது ட்ரெட் பிளஸ் மெசின்கள் சுமார் 1,25,000ஐ மீளப் பெறுவதாக அறிவித்தது. பிள்ளைகள் அதன் பின்பக்கத்தில் அடியில் இழுபட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று மௌத்தானது. அவை விலை கூடிய, புது மெசின்கள். எனவே பின்பக்கத்தில் சுவர்வரை ஆறடி இடம் விடுங்கள். உம்மா நடந்து முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, சாவியைப் பிள்ளைக்கு எட்டாத ஆணியில் மாட்டி வையுங்கள்.