வென்றவர் யார் என்னும் வினா

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் பழம் பெருமையை எடுத்துரைத்தலே எளிதாகும் என எண்ணினோம். பழைய மாணவர் எழுதுவன பெரும்பாலும் அத்தகையனவே. எனினும், கல்லூரி எமக்குக் கற்பித்த ஒன்றை நாடும் நாமும் மறந்து வருகின்றோமோ என்னும் ஐயம் சில காலமாக எம் நெஞ்சை அரித்து வருகின்றது. ஆதலின் அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாம் பயின்ற காலத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் விவாத அரங்கு நடைபெறும். பேசுவோனுக்கு ஐந்து நிமிடம். நான்காம் நிமிடத்தில் ஒரு மணியும் ஐந்தாம் நிமிடத்தில் இரண்டு மணியும் ஒலிக்கும். இவை பேசுவோனுக்குரிய விதிகள். கேட்போனுக்கும் விதிகள் இருந்தன. பேச்சு முடியுமுன் கைதட்டலாகாது. தீர்ப்பு வெளிவரும்வரை அயலில் இருப்பவனோடு அளவளாவலாகாது. எம் ஆசிரியர் ஒருவர், தீர்ப்புக் கூறுமுன் கேட்போருள் ஒருவனை எழுப்பி, “எதிரணித் தலைவன் கூறிய இரண்டாவது நியாயம் யாது?” என வினவுவார். விடை தெரியாதவன் எஞ்சிய நேரத்தை நின்றபடியே கழித்தல் வேண்டும். யாமும் பலமுறை நின்றோம். பேசுதல் மாத்திரமன்றிக் கேட்டலும் பயிலவேண்டிய ஒரு கலை என்பதை அந்நிற்றலே எமக்கு உணர்த்தியது.

பின்னர், 1990களில், வன்னி மக்கள் அனைவரும் அக்கலையைப் பயில நேர்ந்தது. போரின் காரணமாக மின்சாரம் இல்லை. வானொலிக்குரிய பற்றறி கிடைத்தற்கரிய பொருளாயிற்று. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்னோட்டத்தில் வானொலி பேசும். இலண்டனிலிருந்து ஒலிபரப்பான ‘தமிழோசை’யைக் கேட்க அயலவர் முற்றத்திற் கூடுவர். சுழற்றுபவன் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும் ஆதலின், எவரும் இடையிற் பேசார். செய்தி முடிந்தபின், சிறிது நேர மௌனத்தின் பின்னரே கருத்துகள் பிறக்கும். அவ்வறுமையைப் புகழ்ந்து பாடுதல் எம் நோக்கமன்று. அக்காலம் மீண்டும் வருதலை எவரும் விரும்பார். எனினும், அம்முற்றத்தில் இருந்த அமைதி இன்று நம் வீட்டுக் கூடங்களில் இல்லை என்பதைக் கூறாதிருத்தல் இயலாது.

2024ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்தில் கிளிநொச்சியில் உறவினர் ஒருவர் இல்லத்தில் யாம் தங்கியிருந்தோம். அரசியற் கட்சியினர் சிலர் தொலைக்காட்சியில் விவாதித்துக் கொண்டிருந்தனர். கூடத்தில் இளைஞர் பலர் இருந்தனர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைத்தொலைபேசி. பேசுவோர் ஒரு வாக்கியத்தை முடிக்குமுன்னரே கூடத்தில் தீர்ப்புப் பிறந்தது. “விழுத்திப்போட்டார்” என்றார் ஒருவர். “வாயடைச்சுப் போனார்” என்றார் மற்றொருவர். வேறொருவர், தொலைபேசியிற் பிறர் எழுதிய தீர்ப்புகளை உரத்து வாசித்தார். யாமும் அவ்வாரவாரத்திற் கலந்துகொண்டோம் என்பதை ஒளிப்பதற்கில்லை.

நிகழ்ச்சி முடிந்தபின், உள்ளிருந்து வந்த முதிய தாய் ஒருவர், “தம்பியவை, காணாமற்போன பிள்ளையளைப் பற்றி என்ன சொன்னவை?” என்று கேட்டார். கூடத்தில் ஒருவராலும் விடை கூற முடியவில்லை. அதுபற்றி ஏதேனும் கூறினரா, கூறாது விடுத்தனரா என்பதுகூட எமக்கு நினைவில் இல்லை. எவர் எவரை வீழ்த்தினார் என்பது மாத்திரம் தெரிந்திருந்தது. எம் ஆசிரியர் அன்று இருந்திருப்பின், எம் அனைவரையும் நிற்கவைத்திருப்பார்.

அத்தாயின் வினா அவருக்கு மாத்திரம் உரியதன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அடுத்த சில தினங்களில் வவுனியாவிலும் பின்னர் முல்லைத்தீவிலும் அது பரவிற்று. விடை காணாமலே கண்மூடிய பெற்றோர் பலர். கேப்பாப்புலவு மக்கள் தம் காணிக்காக இராணுவ முகாமின் எதிரே அமர்ந்ததும் அவ்வாண்டிலேயே. இத்தகைய வினாக்களையுடைய மக்கள் ஒரு விவாதத்தைப் பார்த்தபின், “வென்றவர் யார்?” என்று கேட்டு அமைதல் தகுமா?

இந்நோய் நமக்கு மாத்திரம் உரியது என எண்ணற்க. தொலைக்காட்சி விவாதத்தின் முதல் வீடாகிய அமெரிக்காவில் 1960 செத்தெம்பர் 26ஆந் திகதி கெனடியும் நிக்சனும் சிக்காகோ நகரில் எதிரெதிர் நின்றனர். ஏறத்தாழ 7 கோடி மக்கள் பார்த்தனர். நிக்சன் முழங்கால் நோயினால் மருத்துவமனையிற் கிடந்து மெலிந்து வந்தவர். வானொலியிற் கேட்டோர் அவரே வென்றார் என்றும், தொலைக்காட்சியிற் பார்த்தோர் கெனடியே வென்றார் என்றும் கருதினர் என ஒரு கதை அன்றுதொட்டு வழங்குகின்றது. அக்கதைக்கு ஆதாரமாகிய கருத்துக் கணிப்பு மிகச் சிறியது என அறிஞர் பலர் மறுப்பர். அது எவ்வாறாயினும், சொல்லைவிட முகமே முந்திச் சென்று மனத்திற் பதியும் என்னும் அச்சம் அன்றே தோன்றிவிட்டது.

முகத்தினும் வலியது ஒன்று உண்டு. அஃது அயலவர் தீர்ப்பு. 1976 ஒற்றோபர் 6ஆந் திகதி, ஜனாதிபதி போர்ட், கிழக்கு ஐரோப்பா சோவியத் ஆதிக்கத்தில் இல்லை என விவாதத்திற் கூறினார். அன்றிரவு வினவப்பட்ட பார்வையாளர் பலருக்கு அது பெரும் பிழையாகத் தோன்றவில்லை. மறுநாள் முழுவதும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அப்பிழையையே எடுத்தோதின. அதன்பின் வினவப்பட்டோர், கார்ட்டரே வென்றார் எனப் பெருவாரியாகக் கூறினர். விவாதம் மாறவில்லை, பார்த்த கண்களும் மாறவில்லை. இடையிற் புகுந்த பிறர் தீர்ப்பே நினைவை மாற்றிற்று.

பிரித்தானியாவின் கதை இன்னும் தெளிவானது. 2010 ஏப்ரல் 15ஆந் திகதி, மான்செஸ்டர் நகரில், அந்நாட்டின் மூன்று பெருங் கட்சித் தலைவர்களாகிய பிரவுண், கமரோன், கிளெக் என்போர் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் விவாதித்தனர். ஏறத்தாழ 94 இலட்சம் மக்கள் பார்த்தனர். கிளெக்கே வென்றார் என அன்றிரவே கணிப்புகள் கூறின. சில தினங்களில் அவரது லிபரல் ஜனநாயகக் கட்சி சில கணிப்புகளில் முதலிடத்தையும் எட்டிற்று. ஆயின், மே 6ஆந் திகதி வாக்குகளை எண்ணியபோது அக்கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் 57. முன்னைய தேர்தலிற் பெற்ற 62இலும் ஐந்து குறைவு. முதல் இரவின் ஆரவாரம் மூன்று வாரத்திற் கரைந்தது.

அவ்விவாதங்களின்போது திரையின் அடியில் ஒரு கோடு ஏறியும் இறங்கியும் நெளிந்தது. அதற்குப் ‘புழு’ என்று பெயர். தெரிந்தெடுத்த சிலர், பேச்சைக் கேட்டுக்கொண்டே தம் விருப்பு வெறுப்பை ஒரு கருவியில் அழுத்த, அவற்றின் சராசரியே கோடாய் ஓடும். மூன்றாவது விவாதம் நடைபெற்றபோது ஆய்வாளர் சிலர், 150 பேரை இரு கூட்டமாய்ப் பிரித்துப் பார்க்கச் செய்தனர். ஒரு கூட்டத்துக்குப் பிரவுணுக்குச் சாதகமாகவும், மற்றதற்குக் கிளெக்குக்குச் சாதகமாகவும் பொய்யான புழுவைத் திரையில் ஓடவிட்டனர். பேச்சு ஒன்றே, புழுக்களே இரண்டு. எவர் வென்றார் என வினவியபோது, ஒவ்வொரு கூட்டமும் தான் கண்ட புழுவின் பக்கமே சாய்ந்தது. தமக்கு விருப்பமான பிரதமர் எவர் என்பதிலும் அச்சாய்வு தெரிந்தது. 2011ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வை வாசித்தபோது, கிளிநொச்சிக் கூடத்தில் உரத்து வாசிக்கப்பட்ட தொலைபேசித் தீர்ப்புகளே எம் நினைவுக்கு வந்தன. ஒவ்வொருவர் கையிலும் ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது என்க.

நம் நாட்டிலோ நடைபெறாத விவாதத்துக்கும் தீர்ப்புக் கிடைத்தது. 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், ஐக்கிய மக்கள் சக்தியின் தலைவர் சஜித் பிரேமதாசவும் தேசிய மக்கள் சக்தியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கவும் நேருக்கு நேர் விவாதிப்பர் எனப் பேசப்பட்டது. திகதிகள் கூறப்பட்டன, மறுதிகதிகளும் கூறப்பட்டன. விவாதம் நடைபெறவேயில்லை. செத்தெம்பர் 21ஆந் திகதி நாடு வாக்களித்தது. அவர்கள் எம் முன் நின்று எதற்கு விடை கூறியிருக்கவேண்டும் என வினவியவர் சிலரே. எவர் எவருக்கு அஞ்சினார் என வாதிட்டவர் பலர்.

அங்ஙனமாயின் இத்தகைய விவாதங்களால் யாது பயன் எனக் கேட்பாரும் உளர். பயன் உண்டென்பதே எம் துணிபு. கட்சி மேடையில் மாலையும் கோஷமும் உண்டு. குறுக்கு வினா இல்லை. விவாதத்திலேதான், ஒரு தலைவர் தம்மை விரும்பாத ஒருவரின் எதிரே நின்று, “எவ்வாறு?” என்னும் வினாவுக்கு விடை கூறவேண்டியவராகின்றார். அவ்வினாவின் அருமையை அறிய வன்னி விவசாயியைக் கேட்டல் போதும். 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷவின் கொள்கை விளக்கம், பத்தாண்டுகளில் சேதனப் பசளைக்கு மாறுதல் பற்றிக் கூறிற்று. அதனை ஊன்றிக் கேட்டவர் எத்தனை பேர்? 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு இறுதியில் தடை தளர்ந்தபோதும், பசளையின்றி வெளிறி நின்ற வயல் அதனை அறியவில்லை. இரணைமடுக் குளத்தில் நீர் இருந்தும் நெற்கதிரில் மணி குறைந்தது. “எவ்வாறு? எத்தனை ஆண்டில்? விளைவு குறைந்தால் ஈடு செய்வார் யார்?” என்னும் மூன்று வினாக்களை உரிய காலத்தில் நாடு ஊன்றிக் கேட்டிருக்க வேண்டும்.

வன்னியில் இருக்கும் நமக்கு இன்னுமொரு தடையும் உண்டு. நாட்டின் பெருந் தலைவர்கள் பெரும்பாலும் சிங்களத்திலேயே விவாதிப்பர். நம்மிற் பலருக்கு எட்டுவது பேச்சன்று. அதிலிருந்து வெட்டியெடுத்த ஒரு நிமிடத் துண்டும், அதன்மேற் பிறர் எழுதிய ஏளனமுமே. மூலத்தைக் கேளாது எதிரொலியை மாத்திரம் கேட்டுத் தீர்ப்புக் கூறுகின்றோம். எனவே, தலைவர்களின் விவாதம் எதுவாயினும் அது முழுமையாக, உடனுக்குடன், நல்ல தமிழில் ஒலிபரப்பப்படல் வேண்டும் என்பது நாம் உரிமையோடு கேட்கத்தக்கது.

ஏனையவற்றை நாமே செய்யலாம். கல்லூரிக்கு மூன்று விண்ணப்பங்களை முன்வைக்கின்றோம். முதலாவது, விவாத அரங்கிற் சிறந்த பேச்சாளனுக்குப் பரிசு வழங்குவதுபோல, இரு பக்க நியாயங்களையும் வழுவின்றி எடுத்துரைக்க வல்ல சிறந்த கேட்பாளனுக்கும் ஒரு பரிசு வழங்குக. அதற்குரிய நிதியைப் பழைய மாணவர் சங்கம் மனமுவந்து ஏற்றல் வேண்டும். இரண்டாவது, தொலைக்காட்சி விவாதமொன்றை உயர்தர மாணவர் ஒருங்கிருந்து பார்த்து, தொலைபேசியை அகற்றிவைத்து, வாய் திறக்குமுன் மூன்று வரி எழுதப் பழகுக: கூறப்பட்டது யாது, அதற்குக் காட்டிய ஆதாரம் யாது, விடையின்றி விடப்பட்டது யாது. மூன்றாவது, தேர்தல் வரும்போது வேட்பாளர்களைக் கட்சி வேறுபாடின்றிப் பொதுமண்டபம் ஒன்றிற்கு ஊரவர் அழைத்து வினவுக. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும், வவுனியாவும் முல்லைத்தீவும் வன்னித் தேர்தல் மாவட்டத்திலும் அடங்குவன. இரு மாவட்டத்து வேட்பாளருக்கும் வினாக்கள் பெரும்பாலும் ஒன்றே. அங்கே மணியடிக்கும் பொறுப்பை நம் மாணவர் ஏற்கட்டும்.

மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரிற் சமயவாதியர் பலர் தத்தம் கொள்கைகளை எடுத்துரைக்கும் காதை ஒன்று உண்டு. ஆங்கு மணிமேகலை ஒவ்வொருவரையும் அணுகி, வினவி, முற்றக் கேட்கின்றாள். அதன் பின்னரே தனக்குரிய வழியைத் தெரிந்து கொள்கின்றாள். வாதம் புரிவோர் பலரிருக்க, கேட்போளையே காப்பியத்தின் தலைவியாக்கினர் நம் முன்னோர். அப்பண்பாட்டில் வந்த நாம், கேட்குமுன் கூவுவோராய் மாறுதல் முறையன்று.

கிளிநொச்சித் தாயின் வினாவுக்கு எம்மிடம் இன்றும் விடை இல்லை. அவ்விடையைக் கூறவேண்டியோர் ஆட்சியில் இருப்போரும் இருந்தோருமே. ஆயின், அவர்கள் விடை கூறினரா, கூறாது நழுவினரா என்பதையேனும் அறிந்து அவருக்குச் சொல்லும் கடன் நம்முடையது. அடுத்த விவாதத்தின் இறுதியில் அவர் மீண்டும் வந்து வினவுவாராயின், எழுந்து நின்று விடை கூறவல்ல மாணவன் ஒருவனேனும் அக்கூடத்தில் இருப்பானாக. அத்தகையோரை ஆக்குதலே விழாக் காணும் கல்லூரிக்கு மெய்யான சிறப்பாகும்.